நெய் பூசிய வேல்

பகல் பன்னிரண்டு என்றால் பன்னிரண்டுதான். ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி மாத்தூர், வல்லம், ஒரகடம், படப்பை என்று இந்தத் தொழிற்சாலைத் தடத்தில் எந்தப் பக்கம் போனாலும், சொன்ன நேரத்துக்குத் திறக்கிற அரசு இடம் ஒன்று உண்டு. ஷட்டர் ஏறும் சத்தம் கேட்டுக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். மழை பெய்தாலும் திறக்கும். ஆள் வரவில்லை என்று பூட்டிக் கிடந்து நான் பார்த்ததில்லை. சரக்கு தீர்ந்துபோச்சு, அடுத்த வாரம் வாங்க என்று யாரையும் திருப்பி அனுப்பியதாகக் கேள்விப்பட்டதும் இல்லை.

இந்த ஒழுங்கை மனதாரப் பாராட்டுகிறேன். பஸ்ஸுக்கும் டாக்டருக்கும் ஒரு கையெழுத்துக்கும் இதே தடத்தில் வருஷக்கணக்காகக் காத்துக் கிடந்தவன் நான். நேரத்துக்கு நடக்கிற எதைப் பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். டாஸ்மாக் கடையைப் பார்த்தாலும் தோன்றுகிறது. அதைச் சொல்லிவிடத்தான் எழுதுகிறேன்.

இப்படிப் புகழ்வதற்கு எனக்கு ஒரு முன்னோடி உண்டு. அவளும் இந்தக் காஞ்சிச் சீமைக்கு வந்தவள்தான். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாக ஔவை தொண்டைமானிடம் வந்தபோது, அவனுடைய ஆயுதச் சாலையைப் பார்த்தாள். வரிசை வரிசையாக வேல்கள். மயில்பீலி சூட்டி, மாலை சாத்தி, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் மிகுந்த மாளிகையில் பளபளவென்று இருந்தன. பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். எங்கள் அரசனின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று அதையும் உள்ளபடி சொன்னாள். புறநானூற்றின் 95ஆம் பாட்டைப் பள்ளியில் வஞ்சப்புகழ்ச்சி என்று படித்தபோது, சாமர்த்தியமாக ஏமாற்றிப் பேசிய பாட்டு என்று நினைத்துக்கொண்டேன். வயசான பிறகு படித்தால் வேறு மாதிரி இருக்கிறது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பளபளப்பும் உண்மை, முறிவும் உண்மை. இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்தாள், அவ்வளவுதான்.

அதே ஔவை, அதியமான் செத்தபோது, கொஞ்சம் கள் கிடைத்தாலும் எங்களுக்கே கொடுத்துவிடுவானே என்று அழுதவளும் கூட. ஆகவே குடியே ஆகாது என்று சொல்ல அவளை நான் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. நான் பேச வந்தது ஆயுதச் சாலையைப் பற்றி.

டாஸ்மாக் என்கிற தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் 1983இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மொத்த வியாபாரத்துக்காகப் பிறந்தது. 2003 நவம்பர் 29 முதல், ஜெயலலிதா ஆட்சியில், சில்லறைக் கடைகளையும் அரசே ஏற்றுக்கொண்டது. அந்த நிதியாண்டில் அரசுக்கு வந்த வருவாய் 3,639 கோடி ரூபாய். 2024-25இல் 48,344 கோடி. 2025இல் ஏறக்குறைய 4,800 கடைகள், 23,000க்கும் மேற்பட்ட ஊழியர்கள். அரசாங்கத்தால் ஒன்றும் உருப்படியாக நடத்த முடியாது என்று டீக்கடையில் யாராவது ஆரம்பித்தால் நான் இந்தக் கணக்கைத்தான் எடுத்து வைப்பேன். நடத்த முடியும். குக்கிராமம் வரைக்கும் பொருளைக் கொண்டு சேர்க்க முடியும். அன்றன்றைய விற்பனையை அன்றன்றே கணக்கில் ஏற்ற முடியும். கவுன்டரில் சாதி கேட்காமல், மதம் கேட்காமல், ஒடிசாக்காரரையும் திருவண்ணாமலைக்காரரையும் ஒரே வரிசையில் நிறுத்த முடியும். வாடகை வீடு பிடிக்கவும் கேஸ் இணைப்பு வாங்கவும் ஆயிரம் தாள் கேட்கிற ஊரில், வந்த அன்றைக்கே ஒரு வெளியூர்த் தொழிலாளியை ஆள் யார், ஊர் எது என்று கேட்காமல் ஏற்றுக்கொள்கிற அரசு வாசல் அது.

விதியைப் படித்தபோது என் மதிப்பு இன்னும் கூடியது. 2003ஆம் ஆண்டுச் சில்லறை விற்பனை விதிகளில் தூரம் சொல்லியிருக்கிறார்கள். வழிபாட்டுத் தலத்துக்கும் கல்வி நிலையத்துக்கும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள் கூடாது. அதோடு ஒரு விலக்கும் உண்டு. நகரமைப்பு அதிகாரிகள் வணிகப் பகுதி என்றோ தொழிற்பகுதி என்றோ குறித்த இடங்களுக்கு இந்தத் தூரம் பொருந்தாது. தொழிற்பகுதி! விதி எழுதியவர் எங்களை மறக்கவில்லை. இருங்காட்டுக்கோட்டையையும் ஒரகடத்தையும் வல்லம் வடகாலையும் மனதில் வைத்து எழுதினாரோ என்னவோ தெரியாது. வார்த்தை எங்களுக்குப் பொருந்துகிறது. தொழிற்பகுதி என்று வரைபடத்தில் நிறம் தீட்டிய இடத்தில் இயந்திரம்தான் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கலாம். இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஆள் நிற்பான், அந்த ஆளுக்குக் கும்பிடச் சாமியும் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையும் இருக்கும் என்பது வரைபடத்தில் தெரியாது.

இதை ஒரு மெஸ் நடத்துகிற அக்காவிடம் சொன்னேன். காண்ட்ராக்ட் பையன்களுக்கு மாசக் கணக்கில் சோறு போடுகிறவர். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார்.

"தூரம் கிடையாதுன்னா இன்னா அர்த்தம் தம்பி? எங்க வேணா வைக்கலாமா?"

"தொழிற்பகுதின்னு போட்டிருந்தா அந்த மீட்டர் கணக்கு இல்லக்கா."

"சம்பளம் போட்ட மூணு நாளைக்கு என் கணக்கு நேரா வராது. பசங்க சாப்பிட வர மாட்டானுங்க. நாலாம் நாளு வருவானுங்க, கடன் சொல்லிக்கினு. மூடுன்னு நான் சொல்லல தம்பி. குடிக்கிறவன் குடிப்பான். பஸ் நிக்கிற எடத்துல எதுக்குக் கடை? இறங்குன உடனே கண்ணுல படுதே. கொஞ்சம் நடந்து போற மாதிரி வையுங்களேன். நடக்கிறதுக்குள்ள பத்துல ரெண்டு பேரு வூட்டு நெனப்பு வந்து திரும்பிடுவான்."

மதுக் கொள்கை பற்றி நான் கேட்ட பேச்சில் இதைவிடத் தெளிவானது இல்லை. குடியை ஒழிக்க வந்தவர் இல்லை அவர். தள்ளி வையுங்கள், நேரத்தைக் குறையுங்கள், எங்களை ஒரு வார்த்தை கேளுங்கள். இந்தத் தடத்தில் நான் பேசிப் பார்த்த பெண்களில் பெரும்பாலோர் இவ்வளவுதான் கேட்கிறார்கள். பூரண மதுவிலக்கு என்ற சொல் மேடைக்கு உரியது. அவர்கள் வாயில் வருவது மீட்டர் கணக்கு.

மீட்டர் கணக்குக்கு ஒரு வரலாறும் இருக்கிறது, அதிலும் பாராட்ட வேண்டிய வேகம் தெரியும். நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை எதிர்த்து வழக்கறிஞர் பாலு தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தமிழ்நாடு அரசு எதிர் கே.பாலு என்ற அந்த வழக்கில்தான் 2016 டிசம்பர் 15 அன்று நாடு முழுவதற்குமான தீர்ப்பு வந்தது. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் கடை கூடாது. இருபதாயிரமும் அதற்குக் குறைவாகவும் மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு அது பிறகு 220 மீட்டர் ஆனது. சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் எத்தனை உயிர் போயிருக்கிறது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2017 ஏப்ரலில் தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் சாலையை விட்டு எழுந்தன. எழுந்தவை ஊருக்குள் வந்து உட்கார இடம் தேடின. இத்தனை கடைக்கு இவ்வளவு சீக்கிரத்தில் இடம் பார்த்தது எளிய வேலை இல்லை. அங்கன்வாடிக்கு இடம் பார்க்க எத்தனை வருஷம் ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு அதன் அருமை புரியும். அந்தக் கோடையில் ஊர் ஊராகப் பெண்கள் துடைப்பத்தோடு வீதிக்கு வந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போலீஸ் அதிகாரி ஒருவர் போராடிய பெண்ணைக் கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு, 2015 ஜூலை 31 அன்று, ஒரு கடையை அகற்றக் கேட்டு குமரி மாவட்டத்தில் செல்போன் கோபுரம் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரோடு இறங்கவில்லை.

மக்கள் கருத்தை அரசு கேட்கவே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகும். கேட்டது. 2016இல் ஜெயலலிதா மீண்டும் பதவி ஏற்றதும் போட்ட முதல் கையெழுத்துகளில் ஒன்று 500 கடைகளை மூடுவதற்கு. காலை பத்துக்குத் திறந்த கடை பகல் பன்னிரண்டுக்கு மாறியதும் அப்போதுதான். 2017இல் எடப்பாடி பழனிசாமி இன்னொரு 500. 2023 ஜூனில் ஸ்டாலின் ஆட்சியில் மற்றொரு 500. மூன்று முறை ஐந்நூறு என்பது சின்னக் காரியம் இல்லை. அந்தக் கடைகள் இருந்த தெருக்களில் அந்த இரவு நிம்மதியாகத் தூங்கியவர்கள் இருப்பார்கள், அவர்கள் சார்பில் மூன்று முதல்வர்களுக்கும் நன்றி சொல்கிறேன். 2022-23இல் 44,121 கோடியாக இருந்த வருவாய், கடை குறைந்த 2023-24இல் 45,855 கோடி ஆனது என்பதையும் அதன் பக்கத்தில் வைக்கிறேன்.

இன்னொரு வேல். 2020 மே மாதம். கொரோனா ஊரடங்கில் நாற்பது நாளுக்கு மேல் மூடிக் கிடந்த கடைகள் மே 7 அன்று திறந்தன. உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது. மே 16 அன்று மறுபடி திறந்தன. கூட்டம் கூடக் கூடாது என்று டோக்கன் கொடுத்தார்கள். கிழமைக்கு ஒரு நிறம், ஏழு கிழமைக்கு ஏழு நிறம், கடைக்கு நாளொன்றுக்கு 500 பேர். வட்டம் போட்டு, கட்டை கட்டி, ஒலிபெருக்கி வைத்து, போலீஸ் நிறுத்தி. பேரிடர்க் காலத்தில் ஒரு நிர்வாகம் எவ்வளவு நுணுக்கமாக யோசிக்கும் என்பதற்கு அந்த ஏழு நிறத் தாளை அருங்காட்சியகத்தில் வைக்கலாம். அதே மாதம் வடமாநிலத் தொழிலாளர்கள் ஊருக்குப் போக ரயில் கிடைக்குமா என்று தெரியாமல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு சென்னையிலிருந்து வடக்கே நடந்தார்கள். அவர்கள் கையில் எந்த நிறத்திலும் தாள் இல்லை.

பாட்டிலைத் திரும்பப் பெறும் திட்டம் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது. நீலகிரியில் காட்டு யானைகளின் பாதத்தில் உடைந்த கண்ணாடி குத்துகிறது என்ற கவலையில் உயர் நீதிமன்றம் அழுத்தம் கொடுக்க, 2022இல் அங்கே தொடங்கியது. பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொள்வார்கள். காலி பாட்டிலைக் கொண்டு வந்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் படிப்படியாக வந்தது. கடையை விட்டுப் போன பொருள் எங்கே போகிறது, யாரைக் காயப்படுத்துகிறது, திரும்பி வந்ததா என்று பின்னாலேயே போய்ப் பார்க்கிற அக்கறை அது. வயல்காட்டில் கண்ணாடி மிதித்த கால்களுக்குத் தெரியும் அதன் அருமை. அந்த அக்கறையை இன்னும் நாலு அடி நீட்டலாம் என்பதுதான் என் ஆசை. பாட்டிலோடு போனவர் வீடு போய்ச் சேர்ந்தாரா என்றும் யாராவது எண்ண வேண்டும். 2025இல் அரசு 25 போதை மீட்பு மையங்களைக் கலங்கரை என்ற பெயரில் திறந்தது. நல்ல பெயர், நல்ல காரியம். இருபத்தைந்தும் 4,800ம் ஒரே அரசின் கணக்குப் புத்தகத்தில்தான் இருக்கின்றன.

இனிச் சொல்லப்போவது என் மனதை ரொம்ப நாளாக அரிக்கிற விஷயம். வருஷத்துக்கு ஆறு கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. டாஸ்மாக் கடைக்கு விடுமுறை நாட்களையும் எடுத்துப் பாருங்கள். திருவள்ளுவர் தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மிலாது நபி, அவற்றோடு ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. ஊர் கூடிப் பேசுகிற ஆறு நாளில் நாலு நாள் கடை பூட்டிக் கிடக்கும். கிராம சபைக்கு வருகிற பெண்கள் குடிக்காத புருஷனை வீட்டில் விட்டுவிட்டு, நிம்மதியாக நடந்து வந்து, கடையை எடுங்கள் என்று கை தூக்குகிறார்கள். தீர்மானம் எழுதப்படுகிறது. மறுநாள் பன்னிரண்டு மணி வருகிறது.

ஒரு மே தினக் கூட்டத்தில் ஒரு பாட்டி எழுந்து சொன்னதை நான் மறக்க மாட்டேன். "கடை இல்லாத நாளாப் பாத்துக் கூட்டம் போடுறீங்களே அய்யா. கடை இருக்கிற நாள்ல போடுங்க. எங்க நெலம உங்களுக்குத் தெரியும்." மேடையில் இருந்தவர் தலையாட்டினார். அவரும் பாவம், அந்த நாளை அவர் குறிக்கவில்லை.

மகாராஷ்டிரத்தில் வேறு ஏற்பாடு இருக்கிறது. ஊரில் உள்ள பெண் வாக்காளர்களில் நாலில் ஒரு பங்கு பேர் எழுதிக் கேட்டால் கடை வேண்டுமா வேண்டாமா என்று ரகசிய வாக்கெடுப்பு நடத்துவார்கள். வாக்குச் சீட்டில் இரண்டு சின்னம். நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். பாதிக்கு மேற்பட்டவர்கள் படுத்த பாட்டிலில் முத்திரை குத்தினால் கடை மூடவேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத கிழவியும் தன் கருத்தை அரசுக் கணக்கில் ஏற்றிவிடலாம். அங்கேயும் எல்லாம் சரியாக நடந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கருத்தை எண்ணுவதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. ஒவ்வொரு குவாட்டரையும் எண்ணத் தெரிந்த நம் நிர்வாகத்துக்கு அந்தப் பெட்டியைச் செய்வது ஒரு பொழுது வேலை. செய்யத் தெரியாதவர்களிடம் நான் கேட்கவில்லை. செய்யத் தெரிந்தவர்கள் என்று நம்பித்தான் இத்தனை நேரமாகப் புகழ்ந்துகொண்டிருக்கிறேன்.

எண்ணினால் என்ன வரும் என்பதற்கு ஓரளவு கணக்கு ஏற்கெனவே இருக்கிறது. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பதினைந்து வயதைத் தாண்டிய ஆண்களில் குடிக்கிறவர்கள் ஏறக்குறைய நாலில் ஒருவர். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மீதி ஜனம் இந்தக் கடைக்குள் காலே வைக்காதது. கால் வைக்காதவர்களின் கருத்தைக் கடை எப்படி அறியும்? அது வாடிக்கையாளரை அறிந்து வைத்திருக்கிறது, அதுவே அதன் தொழில்.

மூடினால் கள்ளச்சாராயம் வரும் என்று சொல்வார்கள். அந்தப் பயம் நியாயமானது. இந்தத் தடத்தில் பிகாரிலிருந்து வந்த தம்பிகள் நிறையப் பேர் வேலை செய்கிறார்கள். அவர்கள் ஊரில் 2016 ஏப்ரல் முதல் மதுவிலக்கு. பெண்கள் கேட்டார்கள் என்று நிதீஷ் குமார் கொண்டுவந்தது. சரண் மாவட்டத்தில் 2022 டிசம்பரில் விஷச் சாராயம் குடித்துப் பலர் செத்தார்கள். ஒருவரிடம் கேட்டேன், உங்கள் ஊரில் கிடைக்காதே என்று. "கிடைக்கும் அண்ணா, ரேட் ஜாஸ்தி" என்றார். ஆகவே பூட்டுப் போட்டால் தீர்ந்தது என்று நான் சொல்லத் தயாரில்லை. அதேபோல, திறந்து வைத்ததால் உயிர் பிழைக்கிறது என்றும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும், எங்களுக்குப் பக்கத்தில் மதுராந்தகம் வட்டாரத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் மெத்தனால் கலந்த சாராயத்தால் செத்தார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேல். அன்றைக்கு எல்லா டாஸ்மாக் கடையும் திறந்துதான் இருந்தது. கடையில் குவாட்டர் வாங்கக் காசில்லாதவர்கள் பாக்கெட் வாங்கினார்கள். பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் இறக்குகிற கள்ளுக்கோ 1987லிருந்து தடை.

கடைக்குள் நிற்கிறவர்களையும் நான் விட்டுவிட முடியாது. விற்பனையாளர், மேற்பார்வையாளர் என்று பெயர். படித்தவர்கள், 2003இல் அரசு வேலை என்று நம்பிச் சேர்ந்தவர்கள், தொகுப்பூதியத்திலேயே தலை நரைத்தவர்கள். அரசுக்கு இவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கும் கைகள் வேறு எந்தத் துறையில் இருக்கின்றன? இரவு கடை சாத்தி, அன்றைய வசூலோடு வெளியே வருகிற நேரம்தான் அவர்களுக்குப் பயம். 2021 அக்டோபரில் இதே ஒரகடத்துக்குப் பக்கத்தில் வாரணவாசியில் கடையைப் பூட்டிவிட்டுப் புறப்பட்ட விற்பனையாளர் ஒருவரை வெட்டிக் கொன்றார்கள். கூட இருந்தவருக்கும் வெட்டு. முதல்வர் பத்து லட்சம் நிவாரணம் அறிவித்தார். ஒரு நாளின் கணக்கைக்கூடத் தவறவிடாத அமைப்பு அது. அதன் காவலாக நின்ற மனிதனுக்கு இரவில் வீடு போகும் பாதையில் காவல் இல்லை. தொண்டைமானின் மாளிகையில் வேலுக்குக் காவல் இருந்தது என்றுதான் ஔவை சொல்கிறாள், காவலனைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பணம் இல்லாவிட்டால் எப்படி ஆட்சி நடத்துவது என்று கேட்பார்கள். அதற்கும் இந்த மண்ணிலேயே பதில் இருந்தது. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். போன வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். குடியை விட்ட நாட்டுக்கு ஊன்றுகோலாக வந்த வரி. 1971இல் மதுவிலக்கு தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி போனது. வரி மட்டும் ஒரு நாளும் போகவில்லை. ஊன்றுகோலையும் வைத்துக்கொண்டோம், குடியையும் வைத்துக்கொண்டோம். இரண்டு வழியிலும் பணம் சேர்க்கத் தெரிந்த நிதித்துறையின் திறமையை யாரும் குறைத்துப் பேச முடியாது.

ஆனால் இந்தத் தடத்தின் கதையில் இன்னொரு முடிச்சு இருக்கிறது, அதை அவிழ்க்கத்தான் எனக்கு வழி தெரியவில்லை. கிராம சபையில் கை தூக்க அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இங்கே வேலை செய்கிறவர்கள் யார்? கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை, விழுப்புரம், தென்காசி, அதைத் தாண்டினால் ஜார்கண்ட், அசாம். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே வேலை பார்த்து, இடுப்பு விட்டுப்போய், "உடம்பு வலிக்குதுண்ணா, ஒரு கட்டிங் போட்டாத்தான் தூக்கம் வருது" என்கிற இருபத்திரண்டு வயசுப் பையனின் ஓட்டு ஊரில் இருக்கிறது. அவன் குடித்துவிட்டு அறையில் சண்டை போடும்போது பயந்து கதவைச் சாத்திக்கொள்கிற பக்கத்து அறைப் பெண்ணின் ஓட்டும் ஊரில்தான் இருக்கிறது. குடிக்கிறவனும் அவனால் தூக்கம் கெடுகிறவளும் இந்த ஊரின் மக்கள் இல்லை. அவர்கள் கருத்து மக்கள் கருத்தில் சேராது. அவர்கள் சம்பளம் மட்டும் இந்த ஊரில் செலவாகிறது.

2024 ஆகஸ்ட் 17 அன்று வல்லம் வடகாலில் பெண் தொழிலாளர்களுக்கான விடுதிகளை முதல்வர் திறந்து வைத்தார். 706 கோடி ரூபாய்க்கு மேல் செலவு, 18,720 படுக்கைகள். போய்ப் பார்த்தேன், கண் நிறைந்தது. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு கெட்டுப்போய்ச் சகதோழிகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இதே பெண்கள்தான் சென்னை-பெங்களூரு சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்ததால் சிலது மாறியது. கை தூக்கும் உரிமை இல்லாதவர்கள் சாலையில் உட்கார வேண்டியிருந்தது.

போன வாரம் இரவு ஒன்பதே முக்காலுக்கு மெஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தேன். கடையில் கடைசி நேரக் கூட்டம். பத்து மணிக்குள் வாங்கிவிட வேண்டும் என்று ஹெல்மெட்டோடு ஓடுகிறார்கள், ஐடி கார்டு கழுத்திலேயே ஆடுகிறது. ஷிப்ட் முடிந்த பெண்களை ஏற்றிய கம்பெனி பஸ் ஒன்று கூட்டத்தில் மாட்டி மெதுவாக ஊர்ந்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் கடையைப் பார்த்தாள், துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பாத்தியா தம்பி" என்றார் அக்கா, பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்தபடி. "அந்தப் பொண்ணு கிட்ட யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டிருக்காங்களா?"

சரியாகப் பத்துக்கு ஷட்டர் இறங்கியது.